ஓய்வு பெற்ற விமானங்கள்



தில்லிக்கு வருகின்ற நம் ஊரார் செங்கோட்டையைக் காண்கின்றனர்; குதுப்மினாரைக் காண்கின்றனர்; ராஜ்காட்டில் மலர் தூவி வணங்குகின்றனர். நேரம் இருப்பின் ஆக்ராவுக்கும் ஒரு நடை போய் வருகின்றனர். ஆனால் தில்லி விமான நிலையத்தை அடுத்தே, பாலம் என்னும் இடத்தில், இந்திய விமானப்படையின் பொருட்காட்சிசாலை ஒன்று இருப்பதைப் பலர் அறியார். பாலம் என்றவுடன் ஆற்றுப்பாலத்தை நினைத்துவிட வேண்டா. அது அங்கிருந்த கிராமத்தின் பெயர். 1967ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அக்காட்சிசாலையைப் பற்றியே இன்று உங்களுடன் பேச எண்ணுகிறோம்.

நாம் அங்கே சென்றதற்கு ஒரு காரணம் உண்டு. கோடை விடுமுறைக்காக நம் தங்கையின் மகன் தில்லி வந்திருந்தான். வயது பத்து. விமானங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உணவையும் மறந்துவிடுவான். அவனைப் பாலத்துக்கு அழைத்துச் செல்லப் போவதாக நாம் தொலைபேசியில் கூறியபோது, தங்கை சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அண்ணா, கொல்லுகிற கருவிகளைக் குழந்தைக்குக் காட்டுவானேன்? வேறு நல்ல இடமே தில்லியில் இல்லையா?" என்று கேட்டாள். அவளுக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. "பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்று மட்டும் கூறினோம். இன்றைய பேச்சு ஒருவகையில் அவளுக்கு அளிக்கும் விடையே ஆகும்.

காட்சிசாலையில் இரண்டு பகுதிகள் உண்டு. கூரையிட்ட கூடங்களில் புகைப்படங்களும் பதக்கங்களும் சீருடைகளும் படைக்கலங்களும் பழைய சிறு விமானங்களும் இருக்கின்றன. வெளியே திறந்த வெளியில், வெயிலிலும் மழையிலும், பெரிய விமானங்கள் நிற்கின்றன. ஒரு காலத்தில் இடிபோல் முழங்கியவை, இப்பொழுது அசைவற்று நிற்கின்றன. நாம் ஒவ்வொன்றையும் விவரிக்கப் போவதில்லை. சிலவற்றின் முன் மட்டும் நின்று செல்வோம்.

முதலில் வாபிட்டி என்னும் விமானம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள். அவற்றின் மீது இழுத்துக் கட்டிய துணி. விமானியின் தலைக்கு மேல் கூரை கிடையாது. மணிக்குச் சுமார் 220 கிலோமீட்டருக்கு மேல் விரையும் ஆற்றல் அதற்கு இல்லை.  எனினும், நம் விமானப்படை பிறந்தது இதன் இறக்கையின் மீதுதான். 1932ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் இந்திய விமானப்படை சட்டப்படி தோன்றியது. 1933ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், கராச்சியை அடுத்த டிரிக் ரோடு என்னுமிடத்தில், நான்கு வாபிட்டி விமானங்களுடன் முதற்படையணி அமைக்கப்பட்டது. விமானிகள் இங்கிலாந்தில் கிரான்வெல் கல்லூரியில் பயின்று வந்த இந்திய இளைஞர்கள். விமானங்களைப் பழுது பார்த்தவர்களுக்கு 'ஹவாய் சிப்பாய்' என்று பெயர். ஹவா என்றால் இந்தியில் காற்று; காற்றுச் சிப்பாய்கள் என நாம் கூறலாம். அந்த முதல் விமானிகளுள் ஒருவரான சுப்ரதோ முகர்ஜி, 1954ஆம் ஆண்டில் விமானப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார்.

இவ்வளவும் பெருமைக்குரிய செய்திகளே. ஆனால் வாபிட்டியின் வரலாற்றில் மற்றொரு பக்கமும் உண்டு. அதையும் மறைத்தல் ஆகாது. அக்காலத்தில் ஆங்கிலேய ஆட்சியினர் வடமேற்கு எல்லைப்புறத்து மலைவாழ் குடிகளை அடக்குவதற்கு விமானங்களைப் பயன்படுத்தினர். நம் முதற்படையணியும் 1937ஆம் ஆண்டில் வஜீரிஸ்தான் மலைப்பகுதியில், மீரான்ஷாவிலிருந்து பணியாற்றியது. ஓர் ஊரின் மீது குண்டு வீசுமுன் அங்கே துண்டறிக்கைகளைத் தூவுவது அக்காலத்து வழக்கம். இன்ன நாளுக்குள் ஊரைவிட்டு வெளியேறிவிட வேண்டும் என அவ்வூரார் மொழியிலேயே அச்சிட்டு வானிலிருந்து போடுவர்.

மற்றொரு காகிதமும் உண்டு. அதை விமானி தம் சட்டைப் பையில் வைத்திருப்பார். விமானம் பழுதாகி மலைகளிடையே இறங்க நேர்ந்தால், தம்மைப் பிடிப்பவர்களிடம் காட்டுவதற்கு ஏற்பட்டது அது. இவரை உயிருடன் கொண்டுவந்து ஒப்படைப்பவருக்கு வெகுமதி அளிக்கப்படும் என்று அதிலும் உள்ளூர் மொழியிலேயே எழுதியிருக்கும்.

நாம் மத்திய அரசில் மொழிபெயர்ப்புப் பணி புரிபவர்கள். ஆகையால் இவ்விரண்டு காகிதங்களையும் பற்றி எண்ணாமல் இருக்க நம்மால் முடியவில்லை. ஆங்கிலத்தில் எழுதிய அவற்றை அம்மக்களின் மொழியில் பெயர்த்தெழுதிய எழுத்தர் ஒருவர் எங்கோ ஓர் அலுவலகத்தில் மேசையின் முன் அமர்ந்திருப்பார். ஒரு காகிதம் கீழே இருப்பவர்களை உயிர் தப்பி ஓடச் சொல்கிறது. மற்றொன்று மேலிருந்து விழுபவருக்கு உயிர்ப்பிச்சை கேட்கிறது. இரண்டையும் எழுதிய பேனா ஒன்றாகவே இருந்திருக்கலாம். படைக்கலம் ஒன்றின் இரு முனைகளிலும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை இக்காகிதங்கள் ஒப்புக்கொள்கின்றன. இந்த எண்ணத்தை மனத்தில் இருத்திக்கொண்டு அடுத்த விமானத்துக்குச் செல்வோம்.

அதன் பெயர் லைசாண்டர். தரைப்படைக்குத் துணையாக வேவு பார்ப்பதற்கும் செய்தி கொண்டு செல்வதற்கும் அமைந்த, மெதுவாகச் செல்லும் விமானம். குண்டு வீசுவது அதன் முதல் வேலையன்று. ஆயினும் 1942ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத் தொடக்கத்தில், பர்மாவிலுள்ள டௌங்கூ தளத்தை ஜப்பானியர் தாக்கியபொழுது, அங்கே வந்து சேர்ந்திருந்த நம் முதற்படையணியின் தலைவர் கருண் கிருஷ்ண மஜும்தார் சும்மா இருக்கவில்லை. தம் லைசாண்டரில் இரண்டு குண்டுகளைப் பொருத்திக்கொண்டு, தாய்லாந்து எல்லைக்குள் இருந்த ஜப்பானியரின் விமானத் தளத்தைத் தேடிச் சென்று தாக்கித் திரும்பினார். இரண்டாம் உலகப் போரில் டி.எஃப்.சி. என்னும் வீரப் பதக்கம் பெற்ற முதல் இந்திய விமானி அவரே. 1945ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு விமான விபத்தில் அவர் உயிர் நீத்தார்.

இனிக் குண்டுகளைக் காண்போம். இரும்பு உருளை, கூர்மையான மூக்கு, வால் புறத்தில் சிறு தகடுகள். காண்பதற்கு எளிய பொருள்தான். ஆனால் அதைக் குறி தவறாமல் விழச் செய்வது எளிதன்று. ஓடுகின்ற ரயிலின் ஜன்னல் வழியே ஓர் எலுமிச்சம்பழத்தை நழுவவிட்டால், அது விட்ட இடத்திற்கு நேர் கீழே விழுவதில்லை. ரயிலின் வேகத்தைத் தானும் கொண்டு சற்றுத் தொலைவு முன்னே சென்று விழுகிறது. குண்டும் அவ்வாறே. மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில், 3,000 மீட்டர் உயரத்தில் செல்லும் விமானம் ஒரு குண்டை விடுவதாகக் கொள்வோம். காற்றின் தடையைக் கணக்கிற் கொள்ளாவிடில், அது தரையைத் தொடுவதற்குச் சுமார் 25 விநாடிகள் ஆகும். அதற்குள் சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் முன்னே சென்றுவிடும். ஆகவே இலக்கு இன்னும் இரண்டரைக் கிலோமீட்டர் அப்பால் இருக்கும்பொழுதே குண்டை விட்டுவிட வேண்டும். இடையில் காற்று சற்றுத் திசை மாறினாலும், கணக்கில் ஒரு விநாடி பிழைத்தாலும், குண்டு நூறு மீட்டர் விலகி விழும். அங்கே இருப்பது பள்ளிக்கூடமாகவும் இருக்கலாம்.

விமானத்தை விட்டு நீங்கிய குண்டுக்குக் கண் இல்லை. இதுவே வானிலிருந்து ஏவும் படைக்கலங்களின் வரலாறு முழுவதிலும் உள்ள சிக்கல். அதற்கு எவ்வாறு கண் கொடுப்பது? பல நாட்டு அறிஞர்கள் பல வழிகளில் முயன்றனர். தொடக்கத்தில் கிடைத்த வழி, எண்ணிக்கையைப் பெருக்குவது. ஒரு குண்டு தவறினால் நூறு குண்டு வீசுவது.

அந்த வழிக்கென்றே பிறந்தது திறந்த வெளியில் நிற்கும் லிபரேட்டர் என்னும் பெரிய விமானம். நான்கு இயந்திரங்கள், இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 33 மீட்டருக்கு மேல். அதன் வயிற்றுப் பகுதியில் குண்டுகள் தொங்கும். குண்டு வீசும் நேரத்தில் அப்பகுதியின் கதவுகள், கடைகளின் இரும்புச் சுருள்கதவு போல் மேலே சுருண்டு கொள்ளும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட லிபரேட்டர்கள் செய்யப்பட்டன. ஒரே விமானத்தில் பத்துப் பேர் வரை பறப்பர்.

இந்த விமானம் நம் படைக்கு வந்த கதை கேட்கத் தக்கது. போர் முடிந்தவுடன் இங்கே இருந்த லிபரேட்டர்கள் கான்பூரில் ஒதுக்கப்பட்டன. மீண்டும் எவரும் பறக்கவிடக் கூடாது என்பதற்காக அவற்றைப் பல வகையில் சிதைத்துவிட்டே ஆங்கிலேயர் சென்றனர். இயந்திரங்களில் மணல் கொட்டப்பட்டது என்றும், கருவிகள் உடைக்கப்பட்டன என்றும் கூறுவர். சுதந்திரம் பெற்ற இந்தியாவிற்குக் குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது. விலைக்கு வாங்கப் பணம் இல்லை. அப்பொழுது பெங்களூரிலுள்ள ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர் கான்பூருக்குச் சென்று அந்தக் குவியலைப் பார்த்தனர். ஒன்றிலிருந்து சக்கரம், மற்றொன்றிலிருந்து இயந்திரம், வேறொன்றிலிருந்து கண்ணாடி எனச் சேர்த்து, பறக்கும் அளவுக்கு மட்டும் சீர்ப்படுத்தினர். அத்தொழிற்சாலையின் விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிச் சென்றார். அங்கே முழுமையாகப் புதுப்பிக்கப்பெற்றுச் சுமார் 40 விமானங்கள் விமானப்படையில் சேர்ந்தன. 1948ஆம் ஆண்டு நவம்பரில் அவற்றைக் கொண்டே ஐந்தாம் படையணி தோன்றியது. 1968ஆம் ஆண்டின் முடிவுவரை லிபரேட்டர்கள் நம் வானில் பறந்தன. இன்று இங்கிலாந்து, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் காட்சிசாலைகளில் உள்ள லிபரேட்டர்களுள் சில, நம் நாட்டிலிருந்து சென்றவையே. சிதைத்துவிட்டுச் சென்ற பொருளை நாம் செப்பனிட்டுக் காத்து, அவர்கள் நாட்டுக்கே காட்சிப் பொருளாக அனுப்பியுள்ளோம் என்பதை எண்ணும்போது சிறு புன்னகை தோன்றாமல் இல்லை.

இதுவரை நம்முடன் வந்த சிறுவன் ஒவ்வொரு விமானத்தைச் சுற்றியும் ஓடிக்கொண்டிருந்தான். கூடத்தில் ஒரு சிறு விமானத்தின் முன் மட்டும் அவன் நின்றுவிட்டான். குனிந்து அடிப்பகுதியைப் பார்த்தான். மறுபுறம் சென்றும் பார்த்தான். பிறகு, "மாமா, இதற்குச் சக்கரம் எங்கே?" என்று கேட்டான்.

நாமும் பார்த்தோம். சக்கரம் இல்லை. சக்கரம் கழன்று விழுந்ததற்கான அடையாளமும் இல்லை. அதற்குச் சக்கரம் வைக்கப்படவே இல்லை.

அது ஜப்பானியரின் 'ஓகா'. அம்மொழியில் செர்ரி மலர் என்பது அதன் பொருள். நீளம் சுமார் 6 மீட்டர். இறக்கை அகலம் சுமார் 5 மீட்டர். இறக்கைகள் மரத்தால் ஆனவை. மூக்கில் 1,200 கிலோ எடையுள்ள வெடிகுண்டு. வாலில் மூன்று ராக்கெட்டுகள். நடுவில் ஒரு மனிதர் அமரும் இடம். அதன் மொத்த எடையில் பாதிக்கு மேல் வெடிகுண்டே. இரட்டை இயந்திரம் பூட்டிய பெரிய விமானம் ஒன்று இதைத் தன் வயிற்றின் கீழ்த் தூக்கிச் செல்லும். எதிரியின் கப்பல்கள் நெருங்கியதும், பெரிய விமானத்திலிருந்து விமானி இதற்குள் இறங்கி அமர்வார். பிறகு இது கழற்றி விடப்படும். சற்று நேரம் காற்றில் மிதந்து சென்று, ராக்கெட்டுகளை எரியச் செய்து, கப்பலின் மீது பாயும். திரும்பி வருவது என்பது அதன் அமைப்பிலேயே இல்லை. ஆகையால் சக்கரமும் இல்லை.

குண்டுக்கு எவ்வாறு கண் கொடுப்பது என்ற சிக்கலைச் சற்று முன் கூறினோம் அல்லவா? 1944ஆம் ஆண்டில், தோல்வியின் விளிம்பில் நின்ற ஜப்பானியப் படைத்தலைமை கண்டுபிடித்த விடை இதுதான். குண்டுக்குள் ஓர் இளைஞரை வைத்தனர். அவருடைய கண்களே குண்டின் கண்கள். அவருடைய கைகளே குண்டின் சுக்கான். சுமார் 850 ஓகாக்கள் செய்யப்பட்டன.

பயன் என்ன? 1945ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் முதன்முறையாக அவை புறப்பட்டன. அன்று சென்ற 18 பெரிய விமானங்களும் இலக்கை அடையுமுன்பே அமெரிக்கச் சண்டை விமானங்களால் வீழ்த்தப்பட்டன. 150க்கும் மேற்பட்ட ஜப்பானியர் இறந்தனர். ஒரு கப்பலும் சேதமடையவில்லை. ஏப்ரல் 12ஆம் நாள் ஒகினாவாவுக்கு அருகே ஓர் அமெரிக்க நாசகாரிக் கப்பலை ஓர் ஓகா மூழ்கடித்தது. அதில் பல மாலுமிகள் மாண்டனர். ஆயினும் போரின் போக்கை அது மாற்றவில்லை. அமெரிக்கப் போர்வீரர்கள் இதற்கு 'பாகா' என்று பெயரிட்டனர். ஜப்பானிய மொழியில் அதற்கு 'முட்டாள்' என்று பொருள். அப்பெயர் உள்ளே அமர்ந்த இளைஞருக்குப் பொருந்தாது. அவரை உள்ளே அமர்த்தியவர்களுக்கே பொருந்தும்.

இப்பேச்சுக்காகக் குறிப்புகள் எழுதியபோது, இதைத் தமிழில் என்னவென்று கூறுவது என நாம் நெடுநேரம் தயங்கினோம். விமானம் என்பதா? இறக்கை உண்டு, விமானி உண்டு, சுக்கான் உண்டு. குண்டு என்பதா? மற்றொரு விமானம் தூக்கிச் சென்று கழற்றிவிடும் பொருளைக் குண்டு என்றே கூறுவோம். 'மனிதர் செலுத்தும் குண்டு' என முதலில் எழுதினோம், பிறகு அடித்தோம். அத்தொடரில் மனிதரும் குண்டின் உறுப்புகளுள் ஒன்றாகிவிடுகிறார். முடிவில் இரண்டு வாக்கியங்களாக எழுதினோம்: இது ஒரு குண்டு. இதற்குள் ஒரு மனிதர் இருந்தார். இவ்விரண்டையும் ஒரே சொல்லாக்க நம் மொழியில் இடம் இல்லாவிடின், அது நம் மொழிக்குக் குறைவு அன்று என்றே எண்ணுகிறோம்.

வஜீரிஸ்தானில் பறந்த விமானியின் பையிலிருந்த காகிதத்தை நினைத்துப் பாருங்கள். அவரை அனுப்பியவர்கள் அவர் திரும்பி வருவதற்காக ஒரு காகிதமாவது கொடுத்தனுப்பினர். ஓகாவில் சென்றவருக்கு அத்தகைய காகிதம் தேவைப்படவில்லை.

பின்னர் அறிவியல் குண்டுக்கு உண்மையாகவே கண் கொடுத்தது. எதிரி விமானத்தின் இயந்திர வெப்பத்தை உணர்ந்து அதைத் துரத்திச் செல்லும் சிறு ஏவுகணையை அமெரிக்கர் 1950களில் உருவாக்கினர். 1958ஆம் ஆண்டில் தைவான் கடற்பகுதியில் நடந்த சண்டையில், அவ்வகை ஏவுகணை ஒன்று சீன விமானமொன்றின் உடலில் வெடிக்காமல் சிக்கிக்கொண்டது. விமானம் ஏவுகணையுடனேயே தளம் திரும்பியது. அதை ஆராய்ந்து சோவியத் நாட்டினர் கே-13 என்னும் ஏவுகணையைச் செய்தனர். 1963ஆம் ஆண்டில் நம் படையில் சேர்ந்து, 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் ஓய்வு பெற்ற மிக்-21 விமானம் அந்தக் கே-13ஐத் தன் இறக்கையின் கீழ்த் தாங்கியது. எதிரிக்கெனத் தொடுத்த அம்பே எதிரியின் கைக்குப் பாடநூலாயிற்று. படைக்கலங்களில் எந்த நாட்டின் மேன்மையும் நிலையானது அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஏவுகணைக்குக் கண் வந்ததனால் மனிதரின் பொறுப்பு நீங்கிவிட்டதா? இல்லை. வெப்பத்தைத் தேடும் கண்ணுக்கு வெப்பம் மட்டுமே தெரியும். நண்பர் யார், பகைவர் யார், பயணிகள் யார் என்பதை அது அறியாது. அதை அறிந்து, ஏவுவதா வேண்டாவா என்று முடிவு செய்ய வேண்டியவர் மனிதரே. குண்டுக்குக் கண் கொடுக்கலாம். மனச்சாட்சியைக் கொடுக்க இயலாது.

சக்கரமில்லாத அந்தக் குண்டைக் கண்ட பிறகு, மற்ற விமானங்களை நாம் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினோம். நேட் என்னும் சிறிய சண்டை விமானம் அங்கே நிற்கிறது. அதன் சக்கரங்கள் சிறியவை. ஆனால் இருக்கின்றன. 1971ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் ஸ்ரீநகர் விமானத் தளத்தை ஆறு பாகிஸ்தானிய சேபர் விமானங்கள் தாக்கின. ஓடுபாதையில் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்பொழுதே நிர்மல்ஜித் சிங் சேகோன் என்னும் இளம் அதிகாரி தம் நேட் விமானத்தில் எழும்பினார். எண்ணிக்கையில் மிகுந்த எதிரிகளை எதிர்த்துப் போரிட்டு, வீழ்ந்தார். அவருக்குப் பரம் வீர் சக்கரம் வழங்கப்பட்டது. விமானப்படையில் இன்றுவரை அவ்விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே.

அவரும் திரும்பவில்லை, ஓகா விமானியும் திரும்பவில்லை. இருவரும் தம் நாட்டின்மேல் அன்பு கொண்டிருந்தவர்களே. வேறுபாடு அவர்களிடத்தில் இல்லை. அவர்களை அனுப்பியவர்களிடத்தில் இருக்கிறது. சேகோன் சாவதற்காக அனுப்பப்பட்டவர் அல்லர். அவர் திரும்பி இறங்குவதற்கு ஓடுபாதை இருந்தது. ஆபத்தில் வெளியே குதிப்பதற்கான இருக்கை இருந்தது. விமானத்தில் சக்கரம் இருந்தது. இவற்றையெல்லாம் கடந்து, கண்முன் இருந்த கடமையை அவர் தாமே தேர்ந்துகொண்டார். தியாகம் என்பது ஒருவர் தாமே அளிப்பது. மேலிருப்பவர் தொழிற்சாலையில் செய்து வழங்குவது அன்று.

சற்றுத் தள்ளி எச்.எஃப்.-24 மாருத் நிற்கிறது. ஜெர்மானியப் பொறியியல் அறிஞர் கர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் வடிவமைக்கப்பெற்று, 1961ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் முதன்முதலாகப் பறந்த விமானம் இது. உடல் வேகத்திற்கேற்ற அழகுடன் அமைந்தது. அதற்கேற்ற வலிய இயந்திரம் மட்டும் இறுதிவரை கிடைக்கவில்லை. ஆயினும் 147 விமானங்கள் செய்யப்பட்டன. 1971ஆம் ஆண்டுப் போரில் பங்கும் கொண்டன. இதை முதலில் பறக்கவிட்டவர் சுரஞ்சன் தாஸ். மேலும் வலிய இயந்திரத்தைப் பெறும் முயற்சியின்போது, 1970ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், சோதனை விமானம் விழுந்து அவர் உயிரிழந்தார். பெங்களூரில் அவர் பெயரால் ஒரு சாலை உண்டு. அதில் நாள்தோறும் பேருந்தில் செல்பவர்களுள் எத்தனை பேர் அப்பெயருக்கு உரியவரை அறிவர்? அப்பெயருக்கு உரிய விமானத்தைக் காட்டி விளக்குவதற்கேனும் இத்தகைய இடம் நமக்கு வேண்டும்.

காட்சிசாலையை விட்டு வெளியே வந்தபோது தங்கையின் கேள்வி மீண்டும் நினைவுக்கு வந்தது. கொல்லுகிற கருவிகளைக் குழந்தைக்குக் காட்டுவானேன்?

ஓய்வு பெற்ற விமானங்களைக் கண்டு மனம் பறிகொடுத்த மாணவர் ஒருவரை நாம் அறிவோம். சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் காட்சிக்காக வைக்கப்பட்டிருந்த இரண்டு பழைய விமானங்கள் தம்மைப் பெரிதும் கவர்ந்ததாக அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். பின்னாளில் அவர் உழைப்பால் உருவானவற்றுள் செயற்கைக்கோளைச் சுமந்து சென்ற ராக்கெட்டும் உண்டு, ஏவுகணைகளும் உண்டு. கற்ற கல்வி ஒன்றே. பயன்படும் வழிகள் இரண்டு. குழந்தைகளிடமிருந்து விமானத்தை மறைத்து வைப்பதனால் இந்த இரண்டாவது வழி இல்லாமற்போய்விடாது. அவர்கள் அதைத் திரைப்படங்களிலும் விளையாட்டுகளிலும் காணத்தான் போகிறார்கள். அங்கே குண்டு வெடிக்கும்; எவருக்கும் வலிக்காது. காட்சிசாலையிலோ உண்மையான இரும்பு நிற்கிறது. அதன்மேல் கைவைத்தால் குளிர்ச்சி தெரிகிறது.

ஆனால் அழைத்துச் செல்லும் பெரியவர்களுக்கு ஒரு கடமை உண்டு. ஒவ்வொரு விமானத்தின் முன்பும் மூன்று பேரைப் பற்றிக் குழந்தைக்குக் கூற வேண்டும். இதைச் செய்தவர் யார்? இதில் அமர்ந்தவர் யார்? இதன் கீழே இருந்தவர் யார்? முதல் இருவரைப் பற்றி எழுதி வைத்திருப்பார்கள். மூன்றாமவரைப் பற்றி உலகின் பெரும்பாலான போர்க் காட்சிசாலைகளில் எழுதி வைப்பதில்லை. அவருடைய ஊரும் பேரும் எவருக்கும் தெரியாது. அவரை நினைவூட்ட வேண்டியவர்கள் நாம்தாம்.

அன்றிரவு தங்கையிடம் பேசியபோது இவற்றையெல்லாம் கூற எண்ணினோம். அதற்குள் சிறுவனே தொலைபேசியை வாங்கிக்கொண்டான். லிபரேட்டரின் நான்கு இயந்திரங்களைப் பற்றிக் கூறினான். மிக்-21ஐப் பற்றிக் கூறினான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா, அங்கே சக்கரமே இல்லாத விமானம் ஒன்று இருக்கிறது. அதில் போனவர் திரும்பி வரவே முடியாதாம். அவருடைய அம்மாவுக்கு அது தெரியுமா?" என்று கேட்டான்.

மறுமுனையில் நம் தங்கை என்ன விடை கூறினாள் என்பது நமக்குக் கேட்கவில்லை. அவன் தொலைபேசியை நம்மிடம் தந்தபோது, "அடுத்த விடுமுறைக்கு நானும் வருகிறேன், அண்ணா. அந்த இடத்தை நானும் பார்க்க வேண்டும்" என்றாள்.

தில்லிக்கு வரும் நேயர்கள், இயன்றால், குழந்தைகளுடன் ஒரு முறை பாலத்துக்குச் சென்று வாருங்கள். விமானங்களின் இறக்கையைப் பாருங்கள், இயந்திரத்தைப் பாருங்கள். அப்படியே சற்றுக் குனிந்து, சக்கரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.